ஷெட்டில் நிற்கும் ஃபியட்டும் அம்பாசடரும்: பழைய குடும்பக் காரை வீட்டிலேயே புதுப்பிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஃபியட் என்றே எல்லோரும் அழைக்கும் எங்கள் வீட்டு பிரீமியர் பத்மினியை நானும் தம்பியும் சேர்ந்து ஷெட்டிலேயே பல வருடங்கள் வேலை பார்த்து மறுபடி ஓட வைத்தோம். அன்றிலிருந்து வீட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கூப்பிட்டுக் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஃபியட்டையும் அம்பாசடரையும் மனதில் வைத்தே பதில்கள். மற்ற பழைய வண்டிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

அப்பாவோட ஃபியட் பத்துப் பன்னெண்டு வருஷமா ஷெட்டுல நிக்குது. தேறுமா, இல்ல இரும்புக் கடைக்குத்தான் போகணுமா?

இன்ஜின் ஓடுகிறதா என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். இன்ஜினும் கியர் பாக்ஸும் எவ்வளவு கெட்டிருந்தாலும் சரிசெய்யலாம், வேறு வாங்கி மாட்டலாம். பாடிதான் வண்டி. ஃபியட், அம்பாசடர் இரண்டுக்கும் லாரிக்கு இருப்பது போன்ற தனிச் சேஸிஸ் கிடையாது. தரைத்தகடு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி, வீல் வளைவு எல்லாம் சேர்ந்த கூடுதான் பாரம் முழுவதையும் தாங்குகிறது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு மட்டும் வேறு ரகம், அதற்குத் தனிச் சேஸிஸ் உண்டு.

ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர், மெல்லிய துணியில் சுற்றிய ஒரு காந்தம் போதும். கதவுக்குக் கீழுள்ள பெட்டி, கால் வைக்கும் விரிப்புக்கு அடியில் இருக்கும் தரை, ஜாக்கி வைக்கும் இடம், பின் ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடம், டிக்கித் தரை, பேட்டரி உட்காரும் தட்டு ஆகியவற்றை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அழுத்திப் பாருங்கள். நல்ல தகடு எதிர்க்கும், உளுத்த தகடு உள்ளே போகும். வெளியே பளபளப்பாக இருந்தும் காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு போய்விட்டது, பட்டிதான் (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) இருக்கிறது என்று அர்த்தம். கதவு இடைவெளியையும் கவனியுங்கள். மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் கூடு நடுவில் தொய்ந்திருக்கிறது.

தரையும் பெட்டியும் மட்டும் போயிருந்தால் தாராளமாக இறங்கலாம். ஸ்பிரிங் மாட்டும் இடம், முன் சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் பகுதி, கதவுத் தூணின் அடி மூன்றும் ஒருசேர உளுத்திருந்தால் இதைவிட நல்ல பாடியுள்ள இன்னொரு வண்டியைத் தேடுவதே புத்திசாலித்தனம். உங்கள் வண்டியின் சாமான்கள் அதற்கு உயிர் கொடுக்கும்.

பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டிய ரோட்டுல எடுக்கவே கூடாதாமே?

அது டெல்லிச் சுற்றுவட்டாரத்துக் கதை. நீதிமன்ற, பசுமைத் தீர்ப்பாய உத்தரவுகளால் பத்து வருடம் கடந்த டீசலுக்கும் பதினைந்து வருடம் கடந்த பெட்ரோல் வண்டிக்கும் அங்கே கட்டுப்பாடு வந்தது. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காரின் பதிவு முதலில் 15 ஆண்டு செல்லும். அதன்பின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, தகுதியாக இருந்தால் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். பசுமை வரி கட்ட வேண்டும், நடப்பு இன்ஷூரன்ஸும் புகைச் சான்றும் வேண்டும். வயது மட்டுமே காரணமாக உங்கள் வண்டியை யாரும் நசுக்கச் சொல்வதில்லை.

ஆர்.சி. புத்தகம் தாத்தா பேர்ல இருக்கு, அவர் தவறிப் பல வருஷம் ஆச்சு. வேலைய முடிச்சிட்டுப் பேப்பரைப் பார்த்துக்கலாமா?

தயவுசெய்து பேப்பரை முதலில் பாருங்கள். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. தாமதத்துக்கு அபராதம் உண்டே தவிர, வழி அடைபட்டுவிடுவதில்லை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் சேர்க்க நாளாகும். அத்தை, சித்தப்பா எல்லோரும் நல்ல மனதோடு இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள். வண்டி பளபளவென்று ஆன பிறகு அதன் மேல் எல்லோருக்கும் திடீர்ப் பாசம் வரும்.

இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். எண் அடித்திருக்கும் இடத்தைத் துடைத்து, மேலே தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து வையுங்கள். டிங்கரிங்கின்போது, அதாவது பாடித் தகட்டு வேலையின்போது, அந்த இடத்தில் கிரைண்டர் பட்டால் வண்டியின் அடையாளமே போய்விடும். எண்ணுள்ள தகட்டைச் சுற்றி டேப் ஒட்டி, வேலைக்கு வருகிறவரிடம் கையைக் காட்டிச் சொல்லுங்கள்.

நான் மெக்கானிக் இல்ல, ஆபீஸ் வேலை பார்க்கிறவன். வீட்டுலயே செய்ய முடியுமா?

முடியும். ஃபியட்டின் 1089 சி.சி. இன்ஜினிலோ அம்பாசடரின் பழைய 1489 சி.சி. இன்ஜினிலோ கம்ப்யூட்டரும் இல்லை, சென்சாரும் இல்லை. பானெட்டைத் திறந்தால் கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ எல்லாம் தனித்தனியாகக் கண்ணில் படும், கைக்கும் எட்டும். பொறுமையாகப் படித்துச் செய்கிறவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. உங்கள் மாடலுக்கான வொர்க்‌ஷாப் மேனுவலின் நகலை எப்படியாவது வாங்கிவிடுங்கள்.

கழற்றுவது, சுத்தம் செய்வது, துரு எடுப்பது, பிரைமர் அடிப்பது, பிரேக், கார்புரேட்டர், வயரிங், சீட் கழற்றி மாட்டுவது ஆகியவை வீட்டில் நடக்கும். சிலிண்டர் போரிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேசிங் லேத் பட்டறைக்குப் போக வேண்டும். குரோம் முலாமும் கடைசிப் பெயிண்டும் அவரவர் பட்டறையில். பாரம் தாங்கும் இடத்தில் வெல்டிங் வைப்பதை, இந்த வண்டிகளில் கைபழகிய டிங்கரிடம் விடுங்கள். அந்தக் காலத்தில் தினமும் இதே வண்டிகளைப் பிரித்துப் பூட்டிய மேஸ்திரிகள் இன்னும் இருக்கிறார்கள். ஒருவரைத் தேடிப் பிடித்து ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்து, அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் காதால் கேட்டுக் கண்டுபிடிப்பது எந்த மேனுவலிலும் இல்லை.

எத்தனை வருஷம் ஆகும்? எவ்வளவு செலவாகும்?

வார இறுதியில் மட்டும் கை வைக்கிறவருக்கு மூன்று, நான்கு வருடம் என்பது இயல்பான கணக்கு. செலவைத் தீர்மானிப்பது துரு. இன்ஜின் வேலைச் செலவு வண்டிக்கு வண்டி பெரிதாக வித்தியாசப்படாது. டிங்கரிங், பெயிண்ட் செலவு வண்டிக்கு வண்டி பல மடங்கு வித்தியாசப்படும். அதனால் தகட்டைச் சுரண்டி உள்ளே பார்க்காமல் யாராவது ஒரு தொகை சொன்னால் நம்பாதீர்கள். மொத்தத் தொகையாக நினைக்காமல், மாதம் இவ்வளவு என்று வீட்டாரோடு பேசி ஒதுக்குங்கள். விற்றால் போட்டது வருமா என்று கேட்பவர்களுக்கு, பெரும்பாலும் வராது. தாத்தா ஓட்டிய வண்டியில் பேரனை உட்கார வைத்துப் போக வேண்டும் என்ற ஆசை இருந்தால் செய்யுங்கள்.

ஸ்பானர் செட் என்ன வாங்கணும்?

ஃபியட்டுக்கு மில்லிமீட்டர் ஸ்பானர். அம்பாசடரின் பழைய இன்ஜின் பிரிட்டிஷ் வழி வந்தது, அதற்கு அங்குல ஸ்பானர். அரை அங்குல நட்டில் 13 ஸ்பானரைப் போட்டால் ஏறும், ஆனால் முனையை உருட்டிவிடும். கூடவே ஒரு டார்க் ரெஞ்ச், மெல்லிய இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், மல்டி மீட்டர், உறுதியான நான்கு ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகாது, பாரத்தில் சொல்லாமல் நொறுங்கும்.

எல்லாத்தையும் ஒரேயடியா கழட்டிப் போட்டுட்டு ஒவ்வொண்ணா செய்யலாம்னு இருக்கேன். சரிதானே?

வேண்டாம். நான் பார்த்தவரை பாதியில் நின்றுபோன வண்டிகளில் பெரும்பாலானவை பணமில்லாமல் நிற்கவில்லை, முழுக்கப் பிரித்துப் போட்டதால் நின்றன. இடையில் வீட்டில் கல்யாணம் வரும், பிள்ளைக்குத் தேர்வு வரும், மாற்றல் வரும். ஆறு மாதம் கழித்துத் திரும்பினால் எந்த போல்ட் எங்கே போகும் என்று நினைவு இருக்காது. சக்கரமில்லாத வண்டியை மழைக்கு நகர்த்தவும் முடியாது. ஒரு பகுதியைக் கழற்றினால் அதை முடித்துப் பூட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். பிரேக் முழுக்க, அடுத்து இன்ஜின் முழுக்க, அடுத்து ஒரு பக்கப் பெட்டியும் தரையும், பிறகு மறுபக்கம். வண்டி எப்போதும் தன் சக்கரத்தில் உருளும் நிலையில் இருக்கட்டும். இந்த ஒரு ஒழுங்கு இருந்தால் எத்தனை வருடம் ஆனாலும் வேலை முடியும்.

கழற்றும்போது மூன்று படம் எடுங்கள்: தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று, போல்ட்டைக் கழற்றிய பின் ஒன்று. முடிந்தவரை போல்ட்டை அது வந்த துளையிலேயே கையால் இரண்டு சுற்றுத் திருகி வையுங்கள், பாக்கெட்டில் போடுவதைவிட அது பத்திரம். கதவுக் கீலுக்குப் பின்னால் மெல்லிய தகடுகள் வைத்திருப்பார்கள். எந்தக் கீலில் எத்தனை என்று பெயிண்ட் மார்க்கரால் அங்கேயே எழுதுங்கள். அவை மாறினால் கதவு மூடும் சத்தமே மாறிவிடும். பழைய ரப்பர், கிழிந்த சீட் உறை, உடைந்த கிளிப் எதையும் புதியது மாட்டும்வரை தூக்கி எறியாதீர்கள். அளவு எடுக்க அவைதான் சாட்சி.

பேட்டரி மாட்டி ஒரு செல்ஃப் அடிச்சுப் பார்க்கட்டுமா? சும்மா ஓடுதான்னு பார்க்கத்தான்.

அடிக்காதீர்கள். வருடக்கணக்காக நின்ற இன்ஜினில் சிலிண்டர் சுவர் காய்ந்திருக்கும், ரிங் ஒட்டியிருக்கும். வெறிகொண்டு சுற்றினால் ரிங் உடையும், சுவர் கீறும். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, வண்டியை மெதுவாக முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். இறுகியிருந்தால் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து விட்டு, ஒரு வாரம் பொறுத்துத் திரும்ப முயலுங்கள். அசிட்டோன் சட்டென்று பற்றும், நெருப்பை அண்டவிடாதீர்கள். கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யும் யோசனை வேண்டவே வேண்டாம்.

தடையில்லாமல் சுற்றினால் பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றி, பிளக் இல்லாமலே செல்ஃபில் சுற்றி ஆயில் அழுத்தம் ஏறுகிறதா என்று பாருங்கள். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலைத் தொடாமல், தனியாக ஒரு சிறு கேனிலிருந்து புதுப் பெட்ரோல் கொடுங்கள். கையில் தீயணைப்பான் இருக்கட்டும்.

ஓடுது, ஆனா நீலப்புகை வருது. இன்ஜினை இறக்கிடணுமா?

நீண்ட நாள் நின்ற வண்டி முதல் சில நாள் புகைவது சகஜம். சூடேற ஓட்டிவிட்டு கம்ப்ரஷன் பாருங்கள். நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் அவசரம் இல்லை. ஒன்று குறைவாக இருந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வில் கோளாறு. வால்வு என்றால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். வண்டியை எடுக்கும்போதும் ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போதும் மட்டும் புகை வந்தால், வால்வு கைடும் சீலும்தான் முதல் சந்தேகம்.

ஹெட்டை எப்படியும் கழற்றுகிறீர்கள் என்றால், அம்பாசடர்காரர்கள் வால்வு சீட்டைப் பற்றி லேத் பட்டறையில் பேசுங்கள். அதன் இரும்பு ஹெட்டில் வால்வு உட்காரும் இடம் அந்த இரும்பிலேயே வெட்டியது. ஈயம் கலந்த பெட்ரோல் அதற்கு மெத்தை போல இருந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல்தான், அந்த மெத்தை இல்லாமல் சீட் தேயும். கடினமான சீட் வளையம் பதித்துவிட்டால் நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு அந்தக் கவலை இல்லை.

பிரேக் பிடிக்குதே, அதையும் பிரிக்கணுமா?

கட்டாயம். இன்ஜினுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அது சிலிண்டரை உள்ளிருந்து அரிக்கும். ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாக இருந்தும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். பழைய வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று, அதாவது எந்த ஒரு சக்கரத்தில் ஒழுகினாலும் நான்கு பிரேக்கும் போகும். அதனால் வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் கிட், மூன்று ஹோஸ், துருப்பிடித்த பைப் எல்லாவற்றையும் யோசிக்காமல் மாற்றுங்கள். இதில் மிச்சம் பிடிக்கிற பணம் பணமே இல்லை.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். மாஸ்க் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

கதவுக்குக் கீழ இருக்கிற பெட்டி முழுக்கப் போயிருச்சு. வெட்டி எடுத்துட்டுப் புதுசு வச்சாப் போதும்தானே?

எடுக்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் பதிலில் சொன்னபடி அந்தப் பெட்டி பாரம் தாங்கும் உறுப்பு. அதை வெட்டியதும் கூடு நடுவில் தொய்யும், தொய்ந்த நிலையில் வெல்டு வைத்தால் கதவு என்றைக்கும் சரியாக மூடாது. இன்ஜினும் சீட்டும் இறக்கிப் பாரத்தைக் குறைத்து, சமதரையில் பல இடங்களில் தாங்கு கொடுத்து, கதவுகளை மாட்டியே வைத்து, இடைவெளி சீராக இருக்கும்போது வெட்ட வேண்டும். கதவைக் கழற்ற வேண்டி வந்தால் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வெல்டு வைத்துக் கட்டுங்கள். ஒரு பக்கம் முழுக்க முடிந்த பிறகே மறுபக்கம்.

பழைய தகட்டின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி மூடுவதை அனுமதிக்காதீர்கள். இடையில் ஈரம் தங்கி, இரண்டு மழைக்காலத்தில் இரண்டுமே போகும். நல்ல தகடு தெரியும்வரை வெட்டித்தான் ஆக வேண்டும். வெல்டிங் தொடங்குமுன் பேட்டரி வயரைக் கழற்றுங்கள், பெட்ரோல் டேங்கை இறக்கித் தூரமாகக் கொண்டு போங்கள். காலி டேங்க் நிரம்பிய டேங்கைவிட ஆபத்து, வெடிப்பது அதிலுள்ள ஆவி. வேலை முடிந்ததும் பெட்டிக்குள் மெழுகு கலந்த துருத் தடுப்பு அடித்து, அடியிலுள்ள வடிகால் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னச் சின்ன சாமானெல்லாம் துருவா இருக்கு. தேய்ச்சுத் தேய்ச்சுக் கை போச்சு. வேற வழி?

பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், அதில் சலவைச் சோடா, ஒரு பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த சாமானை மைனஸிலும், ஒரு பழைய இரும்புத் தகட்டைப் பிளஸ்ஸிலும் மாட்டி, இரண்டும் தொடாமல் மூழ்கவிடுங்கள். மறுநாள் துரு கறுப்புச் சேறாகக் கழன்று வரும், நல்ல இரும்பு துளியும் தேயாது. திறந்த வெளியில் வையுங்கள், ஹைட்ரஜன் வாயு வரும். பிளஸ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கவே கூடாது, நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஸ்பிரிங் போன்ற கடினமாக்கிய இரும்பை இதில் போடாதீர்கள், நொறுங்கும் குணம் வந்துவிடும். எடுத்ததும் கழுவி, வெயிலில் காயவைத்து, அன்றைக்கே பிரைமர்.

ரெட் ஆக்சைடு அடிச்சு, பட்டி போட்டு, மேல பெயிண்ட். இதுதானே வரிசை?

பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள், அதனால்தான் மூன்றாம் வருடம் கொப்புளம் வருகிறது. பட்டி ஈரத்தை உறிஞ்சும். வெற்றுத் தகட்டின் மேல் முதலில் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் தேவையான இடத்தில் மட்டும் மெல்லிய பட்டி, பிறகு மேற்பரப்பைச் சமமாக்கும் சர்ஃபேசர், பிறகு நிறம். எபாக்ஸி தகட்டுக்கும் ஈரத்துக்கும் இடையில் சுவர் போல நிற்கும். ரெட் ஆக்சைடு தனியாக அந்த வேலையைச் செய்யாது. பட்டியால் பள்ளத்தை நிரப்பும் டிங்கரைவிட, சுத்தியலால் தட்டிப் பள்ளத்தை எடுக்கும் டிங்கர் கிடைத்தால் விடாதீர்கள்.

கடைசி நிறத்தை வீட்டில் அடிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் இன்றைய பெயிண்டில் ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கிறது. துணி மாஸ்க் அதைத் தடுக்காது, அது நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். காற்றோட்ட வசதியும் சரியான கவசமும் உள்ள பெயிண்ட் பூத்துக்கு அனுப்புங்கள். பழைய பெயிண்டைத் தேய்க்கும்போதும் தண்ணீர் விட்டே தேயுங்கள், அதில் ஈயம் இருக்கக்கூடும்.

வயரிங் எங்க தொட்டாலும் உதிருது. புது வயரை அங்கங்க ஒட்டிக்கலாமா?

ஒட்டு வயரிங் தீ விபத்துக்கு வழி. முழு வயரிங்கையும் ஒரே துண்டாகக் கழற்றி, தரையில் விரித்து, ஒவ்வொரு முனையிலும் பெயர் எழுதி, அதே நீளம் அதே நிறத்தில் புதிதாகக் கட்டுங்கள். ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்தால் பழைய சுவிட்சின் மேல் பாரம் குறையும், வெளிச்சமும் கூடும். லைட் மங்கல், செல்ஃப் சோம்பல் என்ற புகார்களில் பாதி எர்த் கோளாறுதான். பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் பட்டையின் அடியில் பெயிண்டைச் சுரண்டி, பளிச்சென்ற இரும்பில் இறுக்குங்கள்.

பங்க்ல இப்ப எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வருது. பழைய வண்டிக்கு ஆகுமா?

ஓட்டலாம், ஆனால் எரிபொருள் பாதையை அதற்குத் தயார் செய்ய வேண்டும். இருபது சதவீத எத்தனால் பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் ஊறவைத்துக் கெடுக்கும். விட்டான் வகை ரப்பருக்கு மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்கில் நெடுநாள் நின்றால் தண்ணீரோடு பிரிந்து அடியில் தங்கித் துருவாக்கும். கூடவே டேங்கின் பழைய அழுக்கையும் கரைத்துக் கொண்டுவரும், கார்புரேட்டருக்கு முன்னால் ஒரு ஃபில்டர் கட்டாயம்.

எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் காற்றோடு சேரும் எரிபொருள் கலவை சற்று மெலியும். பிளக் வெளுத்து, ஏற்றத்தில் வண்டி இழுக்காமல் சூடேறினால் கார்புரேட்டரில் பெட்ரோல் அளந்து வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்க வேண்டியிருக்கும். ஒரு மாதத்துக்கு மேல் வண்டி நிற்கப் போகிறது என்றால் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள்.

சாமான் எங்க கிடைக்கும்?

சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம். படத்தோடு போகாமல் கழற்றிய சாமானையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அம்பாசடர் 2014 வரை தயாரானதால் அதற்கு இன்னும் ஓரளவு கிடைக்கிறது. ஃபியட் சாமானுக்கு மும்பைதான் ஊற்று. கருப்பு மஞ்சள் டாக்சிகள் அங்கே தேவையை உயிரோடு வைத்திருந்தன. கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ஓய்ந்துவிட்டது. அதனால் கதவுக் கைப்பிடி, மீட்டர், பின் லைட் கண்ணாடி போன்று மறுபடி யாரும் செய்யாத சாமான்களைக் கண்ட இடத்தில் வாங்கி வையுங்கள். பேரிங், சீல், பெல்ட் போன்றவை அளவைச் சொன்னால் எந்த நல்ல கடையிலும் கிடைக்கும், அவற்றுக்கு அவசரப்பட வேண்டாம். மாடலின் அசல் கோலம் எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க, கோவை ஜீடி கார் மியூசியம் போன்ற இடத்தில் ஒரு அரை நாள் செலவிடுங்கள்.

முன் கண்ணாடி மாட்டுறப்போ உடைஞ்சிடுமோன்னு பயமா இருக்கு.

பயப்பட வேண்டிய வேலைதான், ஆனால் இரண்டு பேர் நிதானமாகச் செய்தால் அரை மணியில் முடியும். பழைய ரப்பரை நெம்பாமல் கத்தியால் அறுத்து எடுங்கள். கண்ணாடி உட்காரும் விளிம்பில் துரு எடுத்துப் பெயிண்ட் முடித்திருக்க வேண்டும். புது ரப்பரை வெயிலில் போட்டு இளக்கி, முதலில் கண்ணாடியைச் சுற்றி மாட்டுங்கள். ரப்பரின் வெளிப்பள்ளத்தில் சுற்றிலும் ஒரு மெல்லிய நைலான் கயிற்றைப் பதித்து, இரு நுனியும் கீழ் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உள்பக்கம் தொங்கட்டும். சோப்புத் தண்ணீர் தடவுங்கள்.

ஒருவர் வெளியே நின்று உள்ளங்கையால் கண்ணாடியை அழுத்த, இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து கயிற்றின் ஒரு நுனியைக் கண்ணாடியின் நடுவை நோக்கி இழுக்க வேண்டும். கயிறு வர வர ரப்பரின் உதடு தகட்டு விளிம்பைத் தாண்டி உள்ளே மடங்கி விழும். வெளியே இருப்பவரின் கை கயிறு இருக்கும் இடத்துக்குக் கூடவே நகர வேண்டும். எங்காவது இறுகினால் பலத்தைக் கூட்டாதீர்கள், இன்னும் சோப்புத் தண்ணீர் விடுங்கள். கண்ணாடியின் ஓரத்தில் மட்டும் இரும்புக் கருவி படவே கூடாது.

மழைக்காலத்துல எப்படிப் பாதுகாக்கிறது?

பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடாதீர்கள், உள்ளே வேர்த்துத் துரு பிடிக்கும். மேலே கூரை, பக்கவாட்டில் காற்று, மூச்சு விடும் துணி உறை. தரை மண்ணாக இருந்தால் சிமென்ட் பூசுங்கள். சைலன்சர் வாயையும் ஏர் ஃபில்டர் வாயையும் வலையால் அடையுங்கள், எலிக்குப் பிடித்த இடங்கள் அவை.

ஏ.சி. வச்சு, புது இன்ஜின் போட்டு, ஃப்ளோர் கியர் ஆக்கிடலாம்னு தம்பி சொல்றான்.

உங்கள் வண்டி, உங்கள் விருப்பம். ஆனால் இன்ஜினை மாற்றினால் முன்அனுமதி பெற்று ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் ஓட்டினால் விபத்தின்போது இன்ஷூரன்ஸ் கை விரிக்கும். சக்தி கூடிய இன்ஜினுக்குப் பழைய டிரம் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் ஈடு கொடுக்காது, ஒன்றைத் தொட்டால் நான்கைத் தொட வேண்டிவரும். என் கருத்து கேட்டால், ஸ்டீயரிங் தண்டிலுள்ள கியர்தான் அந்த வண்டியை ஓட்டும் சுகம். திரும்பப் பழையபடி ஆக்க முடிகிற மாற்றங்களை மட்டும் செய்யுங்கள். எலக்ட்ரானிக் இக்னிஷன் வையுங்கள், பழைய பாயிண்டைப் பெட்டியில் போட்டு வையுங்கள்.

எங்க வண்டிக்கு அம்பது வருஷம் ஆச்சு. ‘வி.ஏ.’ நம்பர் வாங்கணுமா?

மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத, சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டி விண்டேஜ். மேலே கேட்ட தம்பியின் யோசனை இங்கேயும் குறுக்கே வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. மாநில எழுத்துக்குப் பின் ‘வி.ஏ.’ வரும் எண் புதிதாகப் பதிகிற வண்டிக்குத்தான். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

யோசிக்க வேண்டியது, விண்டேஜ் பதிவு செய்த வண்டியை அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பழைய கார் பேரணி, ஆராய்ச்சி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது ஆகியவற்றுக்கு மட்டுமே. குடும்பத்தோடு கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போக நினைப்பவர், இரண்டாம் கேள்வியில் சொன்ன ஐந்தாண்டுப் புதுப்பித்தலிலேயே இருப்பது நல்லது.

அம்மா பழைய கலர்தான் வேணும்ங்கிறாங்க, பசங்க சிவப்பு கேக்கிறாங்க.

அம்மா சொல்வதைக் கேளுங்கள். மீட்டர் பலகைக்குப் பின்னாலோ டிக்கி ரப்பருக்கு அடியிலோ வெயில் படாத இடத்தில் அசல் நிறம் இருக்கும். அதைக் காட்டி நிறம் கலக்கச் சொல்லுங்கள். ஆர்.சி.யில் உள்ள நிறத்தோடு ஒத்துப்போவதால் ஆய்விலும் கேள்வி வராது. நல்ல நிலையில் இருக்கும் அசல் சீட் துணி, ஸ்டீயரிங், மீட்டர் ஆகியவற்றைச் சுத்தம் மட்டும் செய்து விடுங்கள். அவற்றின் தேய்மானம் உங்கள் வீட்டுக் கைகளுடையது.

பாதியில விட்டு மூணு வருஷம் ஆச்சு. மறுபடி எங்க ஆரம்பிக்கிறது?

எங்கே விட்டீர்களோ அங்கே தொடங்காதீர்கள். முதலில் எல்லாச் சாமான்களையும் வெளியே எடுத்து, படங்களோடு ஒப்பிட்டு, காணாதவற்றைப் பட்டியல் போடுங்கள். அடுத்து, ஒரே நாளில் முடியக்கூடிய ஒரு வேலையை எடுத்து முடியுங்கள். ஒரு கதவின் கண்ணாடி ஏற்றி இறக்கும் கருவியாக இருக்கட்டும், வைப்பர் மோட்டாராக இருக்கட்டும். அது ஓடியதும் அடுத்த ஞாயிறு ஷெட்டுக்குப் போகக் கால் தானாக வரும். அதன்பின் வண்டியைச் சக்கரத்தில் நிறுத்துவதே முதல் இலக்கு.

எல்லாம் முடிஞ்சாச்சு. நேரா ஊருக்கு ஓட்டிட்டுப் போகலாமா?

முதல் வாரம் வீட்டைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள். ஒவ்வொரு முறை திரும்பியதும் நான்கு டிரம்மையும் கை வைத்துப் பாருங்கள், ஒன்று மட்டும் சுட்டால் அந்த பிரேக் விடாமல் பிடிக்கிறது. 50 கிலோமீட்டரில் வீல் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள், புதுப் பெயிண்டின் மேல் உட்கார்ந்த நட்டு தளரும். இன்ஜின் பிரித்துப் பூட்டியதானால் 500 கிலோமீட்டர்வரை டாப் கியரில் முக்கவிடாமலும் ஒரே வேகத்தில் வெகுதூரம் ஓட்டாமலும் பழக்கி, அதன்பின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, மேனுவலில் உள்ளபடி ஹெட் போல்ட்டையும் வால்வு இடைவெளியையும் சரிபாருங்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும், முதல் இரண்டு இலக்கம் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் காட்டும். பட்டன் தேயாமல் இருந்தாலும் வயதான டயரோடு நெடுஞ்சாலை ஏறாதீர்கள். டிக்கியில் ஃபேன் பெல்ட், கண்டன்சர், பாயிண்ட், ஒரு கேன் தண்ணீர், தீயணைப்பான் இருக்கட்டும். விடியற்காலையில் வெயில் ஏறுமுன் கிளம்புங்கள், முதல் தூரப் பயணத்தில் அந்த மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.